காஸ்டிங்கா கன்வர்ஷனா? ஜாவா படிக்கிறவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் டீம்ல புதுசா ரெண்டு மூணு பேர் சேருவாங்க. சேர்ந்த ஒரு மாசத்துக்குள்ள யாராவது ஒருத்தர் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து "அண்ணா, இங்க காஸ்ட் பண்ணா ஒர்க் ஆகுது, அங்க அதே மாதிரி பண்ணா வெடிக்குது"ன்னு நிப்பாங்க. ஒவ்வொரு தடவையும் டீ ஆறுற வரைக்கும் உக்காந்து சொல்றதுக்குப் பதிலா மொத்தமா எழுதி வச்சிடலாம்னுதான் இது. பெரும்பாலும் ஜாவாதான், ஏன்னா எனக்கு சோறு போடுறது அதுதான், மத்த லாங்குவேஜ் பத்தி கீழ கொஞ்சம் இருக்கு. கோட் வரிகளையும் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், எடிட்டர்ல வழக்கம்போல அடிச்சுக்கோங்க.

காஸ்டிங், கன்வர்ஷன் ரெண்டும் ஒண்ணுதானே? பேருதான் ரெண்டா?

இல்லை. எங்க வீட்ல ஒரு ஆள் இருக்கார். என் பசங்களுக்கு அவர் தாத்தா, என் மனைவிக்கு மாமா, தெருவுக்கே வாத்தியார். எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்குறது ஒரே ஆள்தான், ஆனா தாத்தான்னு கூப்பிடுறவங்க ஐஸ்க்ரீம் கேக்கலாம், வாத்தியாரேன்னு கூப்பிடுறவங்க கணக்கு கேக்கலாம், மாத்திக் கேக்க முடியாது. ஆப்ஜெக்ட் மேல பண்ற காஸ்ட் இதுதான். கூப்பிடுற பேரு மாறுது, ஆள் மாறல. பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிற யாரையோ பிடிச்சு தாத்தான்னு கூப்பிட்டா முறைப்பாரு இல்ல, அதுக்குப் பேருதான் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன், ப்ரோக்ராம் ஓடும்போது ஜாவா எறியுற எரர்.

கன்வர்ஷன் வேற. நெல்லை மில்லுக்கு எடுத்துட்டுப் போறோம், அரிசி வருது. அரிசி வேற பொருள், உமி மில்லுலயே போயிடுச்சு, திரும்ப நெல்லாக்குன்னா மில்காரர் சிரிப்பார். 3.99ங்கிற டபுளை (தசம எண் டைப்) இன்ட் (முழு எண் டைப்) ஆக்குனா 3 வருது, அந்த .99 தான் உமி. எல்லா கன்வர்ஷன்லயும் உமி போகும்னு இல்ல, இன்ட்டை லாங் (இன்னும் பெரிய முழு எண் டைப்) ஆக்குனா ஒண்ணும் போகாது, ஆனா அப்பவும் வர்றது புது மதிப்புதான்.

எந்த வரியைப் பாத்தாலும் நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இது ஓடி முடிச்சதும் புதுசா ஒரு மதிப்பு பிறந்துச்சா, இல்ல இருக்குற அதே பொருளை வேற பேர்ல பாக்குறோமா? இதுக்கு பதில் தெரிஞ்சா கீழ இருக்குற பாதிக் கேள்விய நீங்களே விட்டுடலாம்.

காலேஜ்ல "கம்பைலர் தானா பண்ணா கன்வர்ஷன், நாம பண்ணா காஸ்டிங்"னு சொல்லிக் கொடுத்தாங்களே, அது தப்பா?

தப்புன்னு சொல்ல மாட்டேன், மார்க் வரும். ஆனா அது யாரு பண்றாங்கன்னு மட்டும்தான் சொல்லுது, என்ன நடக்குதுன்னு சொல்லல. ஜாவா லாங்குவேஜ் ஸ்பெசிஃபிகேஷன்ல 5வது அத்தியாயம் முழுக்க இதைப் பத்திதான். அதுல எல்லாத்துக்குமே கன்வர்ஷன்னுதான் பேரு: வைடனிங் (சின்ன டைப்ல இருந்து பெருசுக்கு), நேரோயிங் (பெருசுல இருந்து சின்னதுக்கு), பாக்ஸிங் (இன்ட் மாதிரி வெறும் மதிப்பை இன்டிஜர் மாதிரி ஆப்ஜெக்டா சுத்துறது), அன்பாக்ஸிங் (அதைப் பிரிக்கிறது), ஸ்ட்ரிங் கன்வர்ஷன், ஏன், குழந்தை கிளாஸை (இன்னொரு கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணினது) அப்பா கிளாஸா பாக்குறதுக்கும் வைடனிங் ரெஃபரன்ஸ் கன்வர்ஷன்னுதான் பேரு. காஸ்ட்ங்கிறது அங்க ஒரு சூழல் மட்டும்தான், அதாவது அடைப்புக்குறிக்குள்ள டைப் பேரைப் போட்டு நீங்க எழுதுற எழுத்து. சுருக்கமா, நீங்க எழுதுறது காஸ்ட், உள்ள நடக்குறது கன்வர்ஷன். ஒரே மாதிரி எழுதுறோம், உள்ள நடக்குறது அஞ்சாறு விதம், குழப்பமெல்லாம் இதுலதான் ஆரம்பிக்குது.

இனிமே நான் வெறும் கன்வர்ஷன்னு சொன்னா புது மதிப்பு பிறக்குறதைத்தான் சொல்றேன்னு வச்சுக்கோங்க, ஸ்பெசிஃபிகேஷன் மாதிரி எல்லாத்துக்கும் ஒரே பேரு வச்சா பேசவே முடியாது.

அப்போ (இன்ட்) 3.99ம் (சேவிங்ஸ்அக்கவுண்ட்) அக்கவுண்ட்டும் பாக்க ஒரே மாதிரி இருந்தும் வேற வேறயா?

ஆமா, அதைக் கண்ணாலயே பாக்கலாம். (அக்கவுண்ட் அப்பா கிளாஸ், சேவிங்ஸ்அக்கவுண்ட் அதோட குழந்தைன்னு வச்சுக்கோங்க.) ரெண்டு வரியையும் ஒரு சின்ன கிளாஸ்ல வேரியபிள் வச்சு எழுதி கம்பைல் பண்ணிட்டு ஜாவாபி கமாண்டை மைனஸ் சி போட்டு ஓட்டுங்க. பைட்கோட் வரும், அதாவது உங்க கோட் கம்பைல் ஆனதுக்கு அப்புறம் ஜாவா ஓட்டுற இன்ஸ்ட்ரக்ஷன் வரிசை. டபுள் வரிக்கு டி2ஐன்னு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கும், ஸ்டாக்ல இருந்து டபுளை எடுத்து, தசமத்தை வெட்டி, ஒரு இன்ட்டைத் திரும்ப வைக்கும். ஆப்ஜெக்ட் வரிக்கு செக்காஸ்ட்னு இருக்கும். பேருலயே இருக்கு பாருங்க, செக் மட்டும்தான் பண்ணும், ஸ்டாக்ல இருக்குற ரெஃபரன்ஸை (ஆப்ஜெக்ட் எங்க இருக்குன்னு காட்டுறது) தொடக்கூட தொடாது. சரியான ஆளா இருந்தா பேசாம அடுத்த வரிக்குப் போகும், இல்லன்னா எக்ஸெப்ஷன். அப்பா கிளாஸுக்கு மேல ஏத்துற அப்காஸ்டுக்கு அந்த செக்கும் கிடையாது, பைட்கோட்ல ஒண்ணுமே இருக்காது. இதை ஒரு தடவை உங்க மெஷின்ல ஓட்டிப் பாருங்க, நான் பத்து தடவை சொல்றதை விட அது நல்லா ஏறும்.

பைட்ல 130 போட்டா மைனஸ் 126 வருது, என்ன கொடுமை இது?

பைட்டுக்கு இடம் 8 பிட்தான், மைனஸ் 128ல இருந்து 127 வரைக்கும். இன்ட்டை பைட் ஆக்கும்போது கீழ இருக்குற 8 பிட்டை மட்டும் வச்சுக்கிட்டு மேல இருக்குறதை ஜாவா வெட்டிப் போட்டுடும், மிச்சத்துல முதல் பிட் 1ஆ இருந்தா அது மைனஸ். 130லேருந்து 256ஐக் கழிச்சா மைனஸ் 126, அவ்வளவுதான் கணக்கு. எக்ஸெப்ஷன் வராது, வார்னிங் வராது. "நீதானே காஸ்ட் போட்ட, பொறுப்பு உன்னோடது"ங்கிற மாதிரி ஜாவா கையைக் கழுவிக்கும்.

நம்ம எழுத்தை வச்சே பாருங்க. 'அ'வை இன்ட் ஆக்குனா 2949 வரும், யூனிகோட்ல அதோட எண் அது. அதுல 1 கூட்டித் திரும்ப கேர் (ஒரு எழுத்தை வைக்கிற டைப்) ஆக்குனா 'ஆ'. அழகா இருக்கு. ஆனா அதே 'அ'வை பைட் ஆக்குங்க, மைனஸ் 123 வரும், எழுத்து அங்கயே செத்துப் போச்சு. பழைய கோட்ல கேர் ஒவ்வொண்ணையும் பைட்டா காஸ்ட் பண்ணி ஃபைல்ல எழுதி வச்சிருப்பாங்க, இங்கிலீஷ் பேரா இருக்குற வரைக்கும் யாருக்கும் தெரியாது, முதல் தமிழ்ப் பேரு வந்த அன்னிக்குத்தான் விஷயம் வெளிய வரும். (இன்னொண்ணு, 'கி'ன்னு ஒரு கேர் எழுதிப் பாத்தீங்கன்னா கம்பைலரே திட்டும், ஏன்னா நமக்கு அது ஒரு எழுத்து, அதுக்கு க, இகரக் குறின்னு ரெண்டு.)

சின்னதுல இருந்து பெருசுக்குப் போனா ஒண்ணும் போகாதுல்ல? காஸ்டே கேக்கலையே?

இதை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. இன்ட்டை ஃப்ளோட்ல (டபுளை விடச் சின்ன தசம எண் டைப்) போட ஜாவா காஸ்ட் கேக்காது, வைடனிங்னு சொல்லி விட்டுடும். ரெண்டுமே 32 பிட்தான், ஆனா ஃப்ளோட்டுல முழு எண்ணைத் துல்லியமா வைக்க 24 பிட்தான் கிடைக்கும். 16777217ஐ ஃப்ளோட்ல போட்டுத் திரும்ப எடுங்க, 16777216 வரும். ஒண்ணு காணோம். லாங்ல இருந்து டபுளுக்கும் இதே கதைதான், 9007199254740992க்கு மேல போனா எல்லா முழு எண்ணும் அப்படியே தங்கும்னு உத்தரவாதம் இல்ல. பெரிய ஐடி நம்பரை டபுள்ல வைக்காதீங்கன்னு சீனியர்ங்க கத்துறது இதுக்குத்தான். கம்பைலர் சும்மா இருந்துச்சுன்னா எல்லாம் பத்திரமா இருக்குன்னு அர்த்தம் இல்ல.

காசு கணக்குல ஒரு பைசா குறையுது, எங்க போச்சு?

எனக்குத் தெரிஞ்சு அதிகமா வர்ற கேஸ் இதுதான். விலை 19.99, பைசாவா மாத்தணும், (இன்ட்)(விலை * 100)ன்னு எழுதுறாங்க. வர்றது 1998. ஏன்னா டபுள்ல 19.99ஐ சரியா வைக்க முடியாது, பெருக்குனா 1998.9999999999998 வரும், காஸ்ட் பண்ணும்போது ஜாவா ரவுண்ட் பண்ணாது, பூஜ்யத்தை நோக்கி வெட்டும். மைனஸ் 3.99ம் மைனஸ் 3தான் ஆகும், மைனஸ் 4 ஆகாது. மேத்.ரவுண்ட் போட்டா 1999 வந்துடும், ஆனா காசுன்னா முதல்லயே பிக்டெசிமல் (தசமத்தைத் துல்லியமா வைக்கிற கிளாஸ்), இல்லன்னா பைசாவை லாங்ல வைங்க. பிக்டெசிமலையும் 0.1ங்கிற டபுளைக் குடுத்து உருவாக்காதீங்க, அந்த டபுள்ல இருக்குற அழுக்கெல்லாம் சேர்ந்து வரும், ஸ்ட்ரிங்கா "0.1"னு குடுங்க.

இதோட தம்பி ஒண்ணு இருக்கு, பர்சன்டேஜ். 500க்கு 450 வாங்குன பையனுக்கு 450 / 500 * 100ன்னு எழுதுனா 0 வரும், ஏன்னா ரெண்டும் இன்ட், வகுக்கும்போதே 0 ஆயிடுச்சு. (டபுள்)(450 / 500)ன்னு போட்டாலும் 0.0தான், செத்ததுக்கு அப்புறம் டாக்டரைக் கூப்பிட்ட மாதிரி. (டபுள்) 450 / 500 * 100ன்னு முதல் ஆளையே டபுள் ஆக்குனா 90.0 வரும்.

அப்காஸ்ட் பண்ணா குழந்தை கிளாஸோட மெத்தடெல்லாம் போயிடுமா?

போகாது, கைக்கு எட்டாது, அவ்வளவுதான். அக்கவுண்ட்னு ஒரு கிளாஸ், அதுல வட்டி()ன்னு ஒரு மெத்தட். சேவிங்ஸ்அக்கவுண்ட் அதை எக்ஸ்டெண்ட் பண்ணி வட்டியை ஓவர்ரைடு பண்ணுது (அதே பேர்ல தன் விதமா எழுதிக்குது), கூடவே மினிமம்பேலன்ஸ்()னு சொந்தமா ஒண்ணு வச்சிருக்கு. அக்கவுண்ட் க = நியூ சேவிங்ஸ்அக்கவுண்ட்()னு போட்டுட்டு க.வட்டி()ன்னு கூப்பிட்டா ஓடுறது சேவிங்ஸோட வட்டிதான். க.மினிமம்பேலன்ஸ்()னு கூப்பிட்டா கம்பைல் ஆகாது, மெத்தட் அந்த ஆப்ஜெக்ட்ல இருக்கு, ஆனா அக்கவுண்ட்ங்கிற பேர்ல அதைக் கேக்க முடியாது.

ரெண்டு இடத்துல மட்டும் உஷாரா இருங்க. ஃபீல்டு ஓவர்ரைடு ஆகாது, அப்பாவுலயும் குழந்தையிலயும் ஒரே பேர்ல ஃபீல்டு இருந்தா, நீங்க எந்த டைப் பேர்ல கூப்பிடுறீங்களோ அந்த கிளாஸோட ஃபீல்டுதான் வரும். அடுத்தது ஓவர்லோடிங், அதாவது ஒரே பேர்ல பல மெத்தட் இருக்குறது, எந்த மெத்தட்னு கம்பைல் டைம்லயே முடிவாயிடும். இன்டிஜர் லிஸ்ட்ல 5, 6, 1னு மூணு இருக்கு. ரிமூவ்(1)னு கூப்பிட்டா 1 போகும்னுதானே நினைப்பீங்க, போறது 6, ஏன்னா அது இண்டெக்ஸ் 1. ரிமூவ்((இன்டிஜர்) 1)னு காஸ்ட் போட்டாத்தான் 1ங்கிற மதிப்பு போகும். எழுதுறது காஸ்ட், நடக்குறது பாக்ஸிங், அதனால கூப்பிடப்படுற மெத்தடே வேற.

அப்பா ஆப்ஜெக்டை குழந்தையா டவுன்காஸ்ட் பண்ணா ஏன் வெடிக்குது? ஃபீல்டெல்லாம் காப்பி ஆகாதா?

ஆகாது, ஏன்னா காஸ்ட் எதையும் காப்பி பண்றதில்ல. நியூ அக்கவுண்ட்()னு பிறந்த ஆப்ஜெக்ட் சாகுற வரைக்கும் அக்கவுண்ட்தான், அதை சேவிங்ஸ்னு கூப்பிட்டா செக்காஸ்ட் விடாது. பிறக்கும்போதே சேவிங்ஸா பிறந்து, நடுவுல அக்கவுண்ட்ங்கிற பேர்ல சுத்திட்டு இருந்த ஆப்ஜெக்டை மட்டும்தான் திரும்ப சேவிங்ஸ்னு கூப்பிடலாம். சம்பந்தமே இல்லாத ரெண்டு கிளாஸ்னா கம்பைலரே நிறுத்திடும், ஆனா இண்டர்ஃபேஸுக்கு காஸ்ட் பண்ணா, உங்க கிளாஸ் ஃபைனலா இல்லாத வரைக்கும், எங்கயாவது ஒரு குழந்தை கிளாஸ் அந்த இண்டர்ஃபேஸை வச்சிருக்கலாமேன்னு விட்டுடும், அப்புறம் ஓடும்போதுதான் தெரியும். நல் (எந்த ஆப்ஜெக்ட்டும் இல்லைங்கிற வெற்று மதிப்பு) இருந்தா அதை யாரா வேணும்னாலும் காஸ்ட் பண்ணலாம், வெடிக்காது.

முன்னாடியெல்லாம் இன்ஸ்டன்ஸ்ஆஃப் (இந்த ஆப்ஜெக்ட் அந்த டைப்தானான்னு கேக்குறது) போட்டு செக் பண்ணி, அடுத்த வரில அதே டைப்பைத் திரும்ப எழுதி காஸ்ட் பண்ண வேண்டியிருந்துச்சு. 2021ல ஜாவா 16 வந்ததுல இருந்து இஃப் (க இன்ஸ்டன்ஸ்ஆஃப் சேவிங்ஸ்அக்கவுண்ட் ச)ன்னு ஒரே வரில முடிஞ்சிடும், ச ரெடியா கையில இருக்கும். ஜாவா 21ல ஸ்விட்ச்லயே பண்ணலாம். ஆனா ஒரு மெத்தட்குள்ள எட்டு இன்ஸ்டன்ஸ்ஆஃப் வரிசையா நின்னுச்சுன்னா, ரிவ்யூல நான் முதல்ல கேக்குறது "இந்த வேலையை அந்தந்த கிளாஸே பண்ணக் கூடாதா"ன்னுதான்.

"இன்டிஜர் கேன்னாட் பி காஸ்ட் டு லாங்"னு வருது. 5ங்கிற நம்பரை லாங்ல வைக்க முடியாதா என்ன?

இதுல நானே அடி வாங்கியிருக்கேன். ஒரு கஸ்டமர் லிஸ்ட், வெளிய இருந்து ஜேசனா (டேட்டா அனுப்புற ஒரு டெக்ஸ்ட் வடிவம்) வருது, அதைப் படிச்சுக் குடுக்குற ஜாக்சன் லைப்ரரி வச்சு மேப்பா (பேரும் மதிப்புமா ஜோடி ஜோடியா வைக்கிறது) வாங்குறோம், அதுல ஃபோன் நம்பரை (லாங்) மேப்.கெட்("ஃபோன்")னு எடுத்தேன், பெரிய எல் போட்ட லாங், அதாவது வெறும் மதிப்பு இல்ல, ஆப்ஜெக்ட். டெஸ்ட் எல்லாம் பாஸ், லைவ்லயும் அஞ்சு மாசம் ஒரு பிரச்சனை இல்ல. ஒரு சனிக்கிழமை ராத்திரி பேட்ச் ஜாப் பாதில நின்னு போச்சு. லாக்ல கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன். அஞ்சு மாசமா ஓடுன கோட், யாரும் கை வைக்கல.

டைப் சொல்லாம மேப்பா வாங்குனா ஜாக்சன் என்ன பண்ணும்னா, முழு எண் இன்ட்ல அடங்குச்சுன்னா இன்டிஜர் ஆப்ஜெக்டா குடுக்கும், அடங்கலன்னா லாங். இன்ட்டோட உச்சம் 2147483647. நம்ம மொபைல் நம்பரெல்லாம் 10 இலக்கம், 6லயோ 7லயோ 8லயோ 9லயோ ஆரம்பிக்கும், எதுவுமே அதுல அடங்காது, அதனால எப்பவுமே லாங்காவே வந்துட்டு இருந்துச்சு. அன்னிக்கு யாரோ ஒரு கஸ்டமர் சென்னை லேண்ட்லைன் நம்பரை எஸ்டிடி கோட் இல்லாம குடுத்திருக்கார், 8 இலக்கம். இன்ட்ல அடங்கிடுச்சு, இன்டிஜரா வந்துச்சு. இன்டிஜரும் லாங்கும் அண்ணன் தம்பி கிளாஸ், ரெண்டுக்கும் அப்பா நம்பர்ங்கிற கிளாஸ், அண்ணனைத் தம்பின்னு கூப்பிட்டா ஜாவா ஒத்துக்காது. உள்ள இருக்குற மதிப்பு அடங்குமா அடங்காதான்னு அது பாக்குறதே இல்ல, ஆள் யாருன்னு மட்டும்தான் பாக்கும்.

சரி பண்ணின வரி இது: ((நம்பர்) மேப்.கெட்("ஃபோன்")).லாங்வேல்யூ(). இந்த ஒரு வரியை மட்டும் நிதானமாப் பாருங்க. முதல் பாதி காஸ்ட், இன்டிஜரா வந்தாலும் லாங்கா வந்தாலும் அப்பா பேர்ல கூப்பிடுறோம், அதே ஆப்ஜெக்ட். பின்பாதி கன்வர்ஷன், அந்த ஆப்ஜெக்ட்கிட்ட கேட்டுப் புதுசா ஒரு லாங் மதிப்பை வாங்குறோம். நான் முதல்ல எழுதுனதுல கன்வர்ஷன் வேண்டிய இடத்துல காஸ்ட் போட்டிருந்தேன், அதுதான் மொத்தத் தப்பும். (ஃபோன் நம்பரை நம்பரா வச்சதே தப்புன்னு சொல்ல வர்றீங்க, தெரியும், அடுத்த ரிலீஸ்ல ஸ்ட்ரிங் ஆக்கிட்டோம்.)

இதோட சேர்த்து இன்னொண்ணு: லாங்.வேல்யூஆஃப்(5).ஈக்வல்ஸ்(5) ஃபால்ஸ்தான் குடுக்கும், காரணம் அதேதான், அந்த ரெண்டாவது 5 இன்டிஜரா பாக்ஸ் ஆகுது.

ஸ்ட்ரிங் ஆக்கணும்னா (ஸ்ட்ரிங்) போடவா, டுஸ்ட்ரிங் போடவா, வேல்யூஆஃப் போடவா?

(ஸ்ட்ரிங்)னு போட்டா, அது ஏற்கனவே ஸ்ட்ரிங்கா இருந்தாத்தான் ஓடும், எதையும் ஸ்ட்ரிங் ஆக்காது. டுஸ்ட்ரிங் ஆக்கும், ஆனா நல் வந்தா நல்பாயிண்டர்எக்ஸெப்ஷன். ஸ்ட்ரிங்.வேல்யூஆஃப் போட்டா நல் வந்தாலும் வெடிக்காது, "நல்"ங்கிற வார்த்தையையே குடுத்துடும், அது அப்படியே ஸ்க்ரீன்ல கஸ்டமர் பேரு இருக்குற இடத்துல போய் உக்காரும், எது மேல்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

எதிர்ப்பக்கம், ஸ்ட்ரிங்ல இருந்து நம்பருக்கு காஸ்டே கிடையாது, இன்டிஜர்.பார்ஸ்இன்ட் மாதிரி ஒண்ணைக் கூப்பிட்டுத்தான் ஆகணும். இதுல ஒரு வேடிக்கை, பார்ஸ்இன்ட்டுக்கு "௧௨"ன்னு தமிழ் எண்ணைக் குடுத்துப் பாருங்க, 12ன்னு சரியாத் தரும்! யூனிகோட்ல தசம இலக்கம்னு குறிச்சு வச்சிருக்குற எல்லாத்தையும் அது ஏத்துக்கும், பைத்தானும் அப்படித்தான். ஆனா "௰"னு பத்துக்கான குறியைக் குடுத்தா நம்பர்ஃபார்மேட்எக்ஸெப்ஷன், அது இலக்கம் இல்ல, எண் குறின்னு தனி வகை. சி ஷார்ப்பும் ஜாவாஸ்க்ரிப்ட்டும் ௧௨ஐயும் ஏத்துக்காது.

எண்டிட்டிலயும் டிடிஓலயும் அதே ஃபீல்டுங்கதான் இருக்கு, காஸ்ட் பண்ண முடியலையே?

முடியாது. எண்டிட்டி டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ், டிடிஓ டேட்டாவை வெளிய அனுப்ப வச்சிருக்குற கிளாஸ். ஜாவா முகத்தைப் பாக்காது, ரேஷன் கார்டைத்தான் பாக்கும், அதாவது எக்ஸ்டெண்ட்ஸ், இம்ப்ளிமெண்ட்ஸ்னு எழுதி வச்சிருக்குற உறவு. ஃபீல்டு எல்லாம் ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் வேற வேற குடும்பம். இது கன்வர்ஷன் கேஸ், புது டிடிஓ உருவாக்கி ஒவ்வொண்ணா எடுத்து வைக்கணும், கையால எழுதுங்க இல்ல மேப்ஸ்ட்ரக்ட் மாதிரி லைப்ரரி ஏதாவது வச்சுக்கோங்க.

சேவிங்ஸ்அக்கவுண்ட் லிஸ்டை அக்கவுண்ட் லிஸ்டா காஸ்ட் பண்ண முடியலையே, குழந்தைதானே அது?

குழந்தை சேவிங்ஸ்அக்கவுண்ட், லிஸ்ட் இல்ல. விட்டா என்ன ஆகும்னு யோசிங்க, அக்கவுண்ட் லிஸ்ட்ங்கிற பேர்ல அதுக்குள்ள ஒரு கரண்ட்அக்கவுண்ட்டைப் போட்டுடலாம், அப்புறம் சேவிங்ஸ் லிஸ்ட்னு நம்பி எடுக்குறவன் கதி? அர்ரேல ஜாவா இதை விட்டுத் தொலைச்சிருக்கு, அதனாலதான் அங்க அர்ரேஸ்டோர்எக்ஸெப்ஷன்னு தனியா ஒண்ணு இருக்கு.

சில பேர் கேள்விக்குறி போட்ட லிஸ்ட் வழியா ரெண்டு தடவை காஸ்ட் பண்ணி கம்பைலரை ஏமாத்துவாங்க, அன்செக்ட் வார்னிங் மட்டும் வரும். 2004ல ஜாவா 5ல ஜெனரிக்ஸ் (லிஸ்டுக்குள்ள எந்த டைப்னு சொல்ற வசதி) வந்தப்போ பழைய கோட் உடையக் கூடாதுன்னு ஓடுற நேரத்துல அந்த டைப் தகவலை அழிச்சிடுற மாதிரி வச்சாங்க, அதனால அந்த காஸ்ட் நடக்குற இடத்துல செக் பண்ண ஒண்ணும் இல்ல. அப்புறம் வேற ஏதோ ஃபைல்ல, வேற யாரோ எழுதுன ஒரு அப்பாவி கெட்() வரில போய் வெடிக்கும், அந்த வரில காஸ்டே இருக்காது, கம்பைலர் ஒளிச்சு வச்ச செக்காஸ்ட் இருக்கும்.

"கஸ்டமர் கேன்னாட் பி காஸ்ட் டு கஸ்டமர்"னு வருது, எனக்குத்தான் கண்ணு சரியில்லையா?

கண்ணு சரியாத்தான் இருக்கு. ரெண்டு கிளாஸ்லோடர் (கிளாஸை மெமரிக்குக் கொண்டு வர்ற பகுதி) ஒரே கிளாஸை தனித்தனியா லோட் பண்ணியிருக்கு, ஜாவாவுக்கு கிளாஸ்னா பேரும் லோடரும் சேர்ந்தது. ஸ்ப்ரிங் பூட் டெவ்டூல்ஸ் வச்சிருந்தா, அப்புறம் ஒரே ஜார் ரெண்டு இடத்துல கிடந்தா இது வரும். எரர் மெசேஜைக் கடைசி வரைக்கும் படிங்க, புது ஜாவால லோடர் பேரையும் அதுலயே போட்டிருக்கும்.

மத்த லாங்குவேஜ்லயும் இப்படித்தானா?

சி++ல ஒரே அடைப்புக்குறிக்கு நாலு பேரு வச்சுப் பிரிச்சாங்க: ஸ்டாடிக்காஸ்ட், டைனமிக்காஸ்ட், கான்ஸ்ட்காஸ்ட், ரீஇன்டர்ப்ரெட்காஸ்ட். எழுத அசிங்கமா இருக்கும், அது நல்லதுதான், தேடுனா சட்டுனு கிடைக்கும். டைனமிக்காஸ்ட் பாயிண்டர்ல தோத்தா நல்பாயிண்டர் தரும், ரெஃபரன்ஸ்ல தோத்தா பேட்காஸ்ட் எறியும். இன்னொரு பொறி, குழந்தை ஆப்ஜெக்டை பாயிண்டர் இல்லாம நேரா அப்பா டைப் வேரியபிள்ல போட்டா அப்பா பாகம் மட்டும் காப்பி ஆகி மிச்சம் அறுந்துடும், ஸ்லைசிங்னு சொல்வாங்க. ஜாவா கண்ணோட பாத்தா அப்காஸ்ட் மாதிரி தெரியும், நடந்தது கன்வர்ஷன்.

சி ஷார்ப்ல இன்ட் வச்ச ஆப்ஜெக்டை நேரா (லாங்)னு எடுத்தா இன்வாலிட்காஸ்ட், முதல்ல (இன்ட்), அப்புறம் (லாங்). அங்க (இன்ட்) 3.5 போட்டா 3, கன்வர்ட்.டுஇன்ட்32 போட்டா 4, அதுக்கே 2.5 குடுத்தா 2, ஏன்னா அது பாதில நின்னா பக்கத்துல இருக்குற இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். பைத்தான்ல காஸ்டே இல்ல, இன்ட்("12") புது ஆப்ஜெக்ட் தர்ற கன்வர்ஷன், டைப்பிங் மாட்யூல்ல இருக்குற காஸ்ட் ஓடும்போது ஒண்ணுமே பண்ணாது, செக்கர் டூலுக்குச் சொல்றது மட்டும். பூல்("ஃபால்ஸ்") ட்ரூன்னு வரும், காலி இல்லாத ஸ்ட்ரிங் எல்லாம் ட்ரூ. ஜாவாஸ்க்ரிப்ட் பத்தி நான் பேச மாட்டேன், "5" + 1 அங்க "51", "5" - 1 அங்க 4. எனக்குப் பிடிச்சது காட்லின்தான், பேரு மாத்துறதுக்கு ஆஸ், மதிப்பு மாத்துறதுக்கு டுலாங்(), டுஇன்ட்()னு ரெண்டையும் பிரிச்சே வச்சிருக்கு, இன்ட்டை லாங் வேரியபிள்ல போடக்கூட விடாது.

இதெல்லாம் சின்ன விஷயம், இதுனால பெரிய நஷ்டம் யாருக்காவது வந்திருக்கா?

1996 ஜூன் 4, ஃபிரெஞ்சு கயானால கூரூ ஏவுதளம், அரியான் 5 ராக்கெட்டோட முதல் பயணம். கிளம்புற வரிசை ஆரம்பிச்சு 40 செகண்ட் வாக்குல, 3700 மீட்டர் உயரத்துல திசை மாறி உடைஞ்சு வெடிச்சுது, கூடவே க்ளஸ்டர் திட்டத்தோட நாலு சாட்டிலைட்டும் போச்சு. விசாரணைல வந்தது, பக்கவாட்டு வேகம் சம்பந்தமான ஒரு 64 பிட் ஃப்ளோட்டிங் மதிப்பை 16 பிட் இன்டிஜரா கன்வர்ட் பண்ணும்போது அடங்கல. ஏடாங்கிற லாங்குவேஜ்ல எழுதுன கோட், அரியான் 4ல இருந்து அப்படியே எடுத்து வச்சது, அந்த ராக்கெட் வேகத்துக்கு அடங்கிட்டு இருந்துச்சு, அரியான் 5 இன்னும் வேகம். இப்படி ஏழு வேரியபிள்ல ஆபத்து இருக்குன்னு முன்னாடியே பாத்திருக்காங்க, ப்ராசஸர் லோடை 80 சதவீதத்துக்குள்ள வைக்கணும்னு நாலுக்கு மட்டும் பாதுகாப்பு போட்டு மூணை விட்டுட்டாங்க. பேக்கப் கம்ப்யூட்டர்லயும் அதே சாஃப்ட்வேர், அதே காரணத்துக்கு அது முன்னாடியே நின்னு போச்சு. எனக்கு வயிறு கலங்குற இடம் எதுன்னா, அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்புனதுக்கு அப்புறம் அரியான் 5க்குத் தேவையே இல்ல.

என் லேண்ட்லைன் நம்பர் கதையும் இதேதான், அளவு மட்டும் வேற. பழைய டேட்டாவுக்கு ஒத்து வந்துச்சு, புது டேட்டாவுக்கு ஒத்து வரல.

இண்டர்வியூல கேட்டா என்ன சொல்ல?

"காஸ்ட் நான் எழுதுறது, இன்ட், டபுள் மாதிரி ப்ரிமிட்டிவ்ல அது புது மதிப்பைத் தரும், ரெஃபரன்ஸ்ல அதே ஆப்ஜெக்டை செக் பண்ணி வேற டைப்பா பாக்கும்"னு ஆரம்பிங்க, உடனே (இன்ட்) 3.99ஐயும் ஒரு டவுன்காஸ்டையும் உதாரணம் குடுங்க. எதிர்ல உக்காந்திருக்குறவர் புத்தக விடையைத்தான் எதிர்பாக்குறார்னு முகத்துல தெரிஞ்சா இம்ப்ளிசிட், எக்ஸ்ப்ளிசிட்னு அதையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க, வேலை முக்கியம்.

கடைசியா ஒண்ணு, பைட் ப வச்சு ப = ப + 1ன்னா எரர், ப += 1ன்னா ஓகேங்குது, ரெண்டும் ஒண்ணுதானே?

ப + 1 பண்ணும்போது ரெண்டும் இன்ட் ஆயிடும், இன்ட்டைத் திரும்ப பைட்ல வைக்க காஸ்ட் கேக்கும், அதான் எரர். += போட்டா ஜாவா சத்தமில்லாம (பைட்)னு ஒரு காஸ்டை அதுவே சேர்த்துக்கும். ப 127ஆ இருக்கும்போது ப += 1 போட்டு ப்ரிண்ட் பண்ணிப் பாருங்க, மைனஸ் 128.